நாலாவது தடவையும் இடது முன் ஆர்ம்தான் ஒடிந்தது, அலுமினியத்துக்கு மாறிவிடலாமா?

புழுதிக்காரன் எழுதியது:

வணக்கம். இத்தனை நாள் மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது வேறு வழியில்லாமல் கேட்க வந்திருக்கிறேன்.

வண்டி 1/10 அளவு ஆர்.சி. (ரிமோட்டில் ஓடும்) மான்ஸ்டர் டிரக். நாலு வீல் டிரைவ், பிரஷ்லெஸ் மோட்டார், 3எஸ் லிப்போ (மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி). பேட்டரியோடு தராசில் வைத்தால் ஏறக்குறைய 3 கிலோ. வாங்கி ஏழு மாதம் ஆகிறது, அதற்குள் முன்பக்கக் கீழ் சஸ்பென்ஷன் ஆர்ம், அதாவது சக்கரத்தை வண்டியோடு சேர்த்து ஏறி இறங்கவிடும் கை, நான்கு போய்விட்டது. முதலாவது ஒடிந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. முழு திராட்டிலில் கொண்டுபோய்ச் சுவரில் சாத்தினேன், ஒடியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அடுத்தடுத்து வந்தவை அப்படி இல்லை. ஒன்று செங்கல் துண்டில் பட்டு ஒடிந்தது, ஒன்று மரவேரில். நேற்றைய நாலாவதைக் கேட்டால் சிரிப்பீர்கள். முழங்கால் உயர மண்மேட்டில் ஏறிக் குதித்து, நாலு சக்கரமும் ஒன்றாகத்தான் தரையைத் தொட்டன. இடது முன் சக்கரம் மட்டும் அப்படியே பக்கவாட்டில் படுத்துக்கொண்டது.

ஒவ்வொரு தடவையும் வண்டியோடு வந்த அதே வகை ஆர்மைத்தான் வாங்கி மாட்டுகிறேன். மாற்றுவது கைக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதுதான் எரிச்சலே.

இந்த மாடலுக்கு அலுமினியம் ஆர்ம் செட் கிடைக்கிறது. 7075 என்று உலோகக் கலவையின் எண் போட்டிருக்கிறது, நீல நிறம், படத்தைப் பார்த்தாலே கை பரபரக்கிறது. ஆர்.பி.எம். கம்பெனியின் நைலான் ஆர்ம் போடு என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவர் அகல ஆர்ம் போட்டால் வண்டி கவிழ்வதும் நின்றுவிடும் என்கிறார். ஒரே தடவையில் போட்டு மறந்துவிடும்படி எதையாவது சொல்லுங்கள்.


சேறும்சகதியும் எழுதியது:

அலுமினியம்தான் ப்ரோ. நான் போட்டு ஒரு வருஷம் ஆகிறது, ஆர்ம் ஒன்றுகூட ஒடியவில்லை. பல்க்ஹெட் (ஆர்ம் மாட்டும் உள்கூடு) இரண்டு தடவையும் டிஃப் கேஸ் (டிஃபரென்ஷியல் கியர் பெட்டி) ஒரு தடவையும் மாற்றினேன், அது வேறு விஷயம்.


பழைய டிரான்ஸ்மிட்டர் எழுதியது:

மேலே இருப்பவர் எழுதியதை இன்னொரு தரம் படியுங்கள். "அது வேறு விஷயம்" என்கிறாரே, அதுதான் விஷயமே.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் வண்டி 3 கிலோ. மணிக்கு 45 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது நொடிக்கு 12.5 மீட்டர். அதில் இருக்கும் ஆற்றல் சுமார் 234 ஜூல். அதே வண்டி 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் 59 ஜூல்தான். அந்த 45 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் முட்டுவதும் 8 மீட்டர் உயரத்திலிருந்து தலைகுப்புற விழுவதும் ஒன்றுதான். குதிப்பதற்குப் பயப்படுகிறவர்கள் சமதரையில் முழு வேகத்தில் ஓட்டத் தயங்குவதில்லை. எனக்குப் பயம் சமதரையில்தான்.

இந்த 234 ஜூலும் எங்காவது போய்த்தான் ஆகவேண்டும். நைலான் ஆர்ம் வளைந்து அதில் ஒரு பங்கை விழுங்கிக்கொண்டு திரும்ப நிமிரும். முடியாவிட்டால் ஒடியும். ஒடிவதும் ஒரு வேலைதான், வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் போவது மாதிரி. அலுமினியத்தின் விறைப்பு 69 ஜிகாபாஸ்கல், நைலானுக்கு 2 அல்லது 3. வளைந்து கொடுக்காத ஆர்மைப் போட்டால் அடி அப்படியே உள்ளே போகும். ஆர்ம் கீல் மாதிரி ஆட நடுவில் போகும் ஹிஞ்ச் பின் என்ற இரும்புக் கம்பி, அதைப் பிடித்திருக்கும் பல்க்ஹெட், ஷாக் அப்சார்பரின் மேல்முனையைத் தாங்கும் ஷாக் டவர், கடைசியில் டிஃப் கேஸ். ஆர்ம் மாற்ற நாலைந்து ஸ்குரூ. பல்க்ஹெட் மாற்ற முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும். ஃபியூஸுக்குப் பதில் ஆணியைச் சொருகியவர் கதைதான்.

அலுமினியத்துக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. நைலான் வளைந்தால் திரும்பும். அலுமினியம் ஓரளவுக்கு மேல் வளைந்தால் அப்படியே நின்றுவிடும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவில். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும் சர்வோவைச் சந்தேகப்பட்டு, டிரான்ஸ்மிட்டரில் நேராக்கும் டிரிம்மைத் திருகிக்கொண்டு இருப்பீர்கள். நானும் திருகியிருக்கிறேன், ஒரு மாதம்.

இதெல்லாம் பொதுவான பேச்சு. உங்கள் விஷயத்தில் எனக்கு இடிப்பது வேறு. நாலும் இடது முன் ஆர்மா? வலது பக்கம் ஒன்றுகூட இல்லையா? முழங்கால் உயரக் குதியில் ஒரு ஆர்ம் ஒடிகிறது என்றால் அது ஆர்மின் பலவீனம் இல்லை. ஆர்மை யாரோ முன்னாலேயே பாதி ஒடித்து வைத்திருக்கிறார்கள்.

ஒடிந்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் மேசையில் வரிசையாக வையுங்கள். எங்கே ஒடிந்திருக்கிறது? ஷாக் மாட்டும் ஓட்டைக்குப் பக்கத்திலா, உள்பக்கம் ஹிஞ்ச் பின் போகும் காதிலா? ஷாக் ஓட்டையில் ஒடிந்தால் வண்டி இறங்கும்போது ஷாக் அடித்தட்டுகிறது என்று அர்த்தம், எண்ணெயையும் ஸ்பிரிங்கையும் பார்க்கவேண்டும். காதில் ஒடிந்தால் முன்னாலிருந்து வந்த அடி, அல்லது ஹிஞ்ச் பின்னில் கோளாறு. ஒடிந்த முகத்தையும் விளக்கில் காட்டிப் பாருங்கள். வெள்ளை பூத்து, இழுபட்டு ஒடிந்திருந்தால் நைலான் தன்னால் முடிந்தவரை போராடியிருக்கிறது. கண்ணாடித் துண்டு மாதிரி வழவழப்பாகப் பிளந்திருந்தால் அது காய்ந்த நைலான்.

அப்புறம், நாலு தடவை ஆர்ம் மாற்றினீர்களே, ஹிஞ்ச் பின்னை எத்தனை தடவை மாற்றினீர்கள்? அதைக் கழற்றி, முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் வைத்து ஒரு விரலால் உருட்டுங்கள்.

கடைசியாக ஒன்று, இதற்கும் பதில் வேண்டும். நீங்கள் நடுவில் நின்றுகொண்டு வண்டியைச் சுற்றவிடும்போது எந்தப் பக்கமாகச் சுற்றுகிறீர்கள்?


கல்மேல்நடை எழுதியது:

அண்ணன் சொன்னது சரி, ஆனாலும் அலுமினியத்தை ஒரேயடியாகக் கரித்துக்கொட்டவும் வேண்டாம். எங்கே வளையக் கூடாதோ அங்கே அது தங்கம். என் வண்டியில் பின்பக்க ஹப் கேரியர் (ஆர்மின் நுனியில் சக்கரத்தைத் தாங்கும் துண்டு) அலுமினியம். பிளாஸ்டிக் ஹப்பில் பேரிங் உட்காரும் குழி சூட்டில் இளகி, பேரிங் ஆட ஆரம்பித்து, சக்கரம் குடிகாரன் மாதிரி தள்ளாடியது. அலுமினியம் போட்டதும் நின்றது. சர்வோவின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் ஸ்டீயரிங் பெல்கிராங்க், ஷாக் மூடி, ஹிஞ்ச் பின்னின் முனையைத் தாங்கும் பிரேஸ், இதெல்லாம் உலோகத்தில் இருக்கலாம். ஆர்ம் மட்டும் வேண்டாம்.

வாங்கியே தீருவேன் என்றால் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 6061-டி6 சுமார் 275 மெகாபாஸ்கலில் நிரந்தரமாக வளைய ஆரம்பிக்கும், 7075-டி6 சுமார் 500. வெறுமனே "ஏவியேஷன் கிரேடு" என்று மட்டும் எழுதியிருந்தால் எது என்று விற்பவரிடம் கேளுங்கள். மண் பிரச்சினையும் இருக்கிறது. இரும்புப் பின்னும் அலுமினிய ஓட்டையும் நடுவில் மணலும் சேர்ந்தால் அரம் போட்டுத் தேய்த்த மாதிரி ஓட்டை முட்டை வடிவமாகிவிடும். புஷ் போட்ட ஆர்ம் என்றால் தேவலாம்.


புழுதிக்காரன் எழுதியது:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன்.

ஒடிந்த ஆர்மில் மூன்று இருக்கின்றன, முதலாவதை எறிந்துவிட்டேன். மூன்றும் ஒரே இடத்தில் ஒடிந்திருக்கின்றன. உள்பக்கம் இரண்டு காது இருக்கிறதல்லவா, அதில் முன்காது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரே சாய்வில் பிளந்திருக்கிறது. பின்காது மூன்றிலும் புத்தம் புதிதாக இருக்கிறது. ஒடிந்த முகம் வழவழப்பு, வெள்ளையே இல்லை.

ஹிஞ்ச் பின். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒரு தடவைகூட மாற்றவில்லை. இரும்புதானே, அதற்கு என்ன வந்தது என்று துடைத்துத் துடைத்து அதையே போட்டிருக்கிறேன். அலமாரிக் கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைத்து உருட்டினேன். வலது ஹிஞ்ச் பின் சத்தமில்லாமல் ஓடியது. இடது ஹிஞ்ச் பின் டக்... டக்... டக்... என்று மூன்று தரம் நொண்டி நின்றுவிட்டது. குனிந்து, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் முன்பக்கம் கால்வாசி நீளத்தில் ஒரு வளைவு, அடியில் வெளிச்சம் தெரிகிறது. கையில் வைத்துப் பார்த்தால் ஊசி மாதிரி நேராகத்தான் இருக்கிறது! முதல் நாள் சுவரில் சாத்தினேனே, அன்றைக்கு வளைந்ததாகத்தான் இருக்கவேண்டும்.

சுற்றும் பக்கம்: யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. கையில் டிரான்ஸ்மிட்டரைப் பிடித்துக்கொண்டு, இல்லாத வண்டியை ஓட்டிப் பார்த்தேன், வீட்டில் ஒரு மாதிரி பார்த்தார்கள். கடிகாரம் சுற்றுகிற பக்கமாகத்தான் சுற்றுகிறேன். எப்போதுமே. ஏன் கேட்டீர்கள்?


பழைய டிரான்ஸ்மிட்டர் எழுதியது:

கடிகாரச் சுற்றில் போனால் வண்டி வலது பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கிறது. வெளிப்பக்கம் இடது. திரும்பும்போது பாரமெல்லாம் இடது சக்கரங்களில் இறங்கும். முன்பக்கம் வழுக்கி வட்டம் பெரிதானால் சுவரையும் கல்லையும் முதலில் தொடுவது இடது முன் சக்கரம். பாதிப் பேர் இப்படி ஒரே பக்கமாகத்தான் சுற்றுகிறார்கள், கேட்டால் தெரியாது என்பார்கள். என்னிடம் ஆர்ம் வாங்கித் தரச் சொன்ன ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறேன்.

ஹிஞ்ச் பின் விஷயம் இப்போது விளங்கியிருக்கும். பின் வளைந்திருந்தால் ஆர்மின் இரண்டு காதும் ஒரே கோட்டில் இல்லை. நீங்கள் புது ஆர்மை மாட்டி ஸ்குரூவை முறுக்கிய நிமிடத்திலேயே முன்காது திருகிக்கொண்டு நிற்கிறது. வண்டி ஓடுவதற்கு முன்பே அதன் பலத்தில் ஒரு பங்கு செலவாகிவிட்டது. மூன்றும் ஒரே சாய்வில் பிளந்ததற்கு வேறு காரணம் தேடவேண்டாம். அலுமினிய ஆர்மை இந்தப் பின்னில் மாட்டியிருந்தால் காது ஒடிந்திருக்காது, பல்க்ஹெட் ஒடிந்திருக்கும்.

ஆகவே முதலில் வாங்கவேண்டியது இரண்டு பின். நாலு வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு பெட்டியில் கிடக்கட்டும். பின் போகும் பல்க்ஹெட் ஓட்டையையும் பாருங்கள், வாயில் மயிரிழை மாதிரி வெடிப்பு இருந்தால் அதையும் மாற்றவேண்டும். நகத்தால் நிமிண்டினால் தெரியும்.

ஆர்முக்கு என் வாக்கு நைலான்தான். உங்கள் மாடலுக்கு ஆர்.பி.எம். இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். டிராக்ஸஸ் கம்பெனி தன் சில வண்டிகளுக்கு ஹெவி டியூட்டி, குளிர் தாங்கும் நைலான் என்றே தனியாக ஆர்ம் விற்கிறது. உங்கள் வண்டிக்கு அப்படி எதுவும் இல்லையென்றால் பழைய ஆர்மே போதும், ஆனால் வேகவைத்துவிட்டு மாட்டுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நைலான் தண்ணீர் குடிக்கும் பிளாஸ்டிக். அச்சிலிருந்து வரும்போது எலும்பாகக் காய்ந்திருக்கும், உடையும் குணம் அப்போதுதான் அதிகம். காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் குடித்துத்தான் மெல்ல வளையும் பதத்துக்கு வரும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். கொதிக்கும் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு, அப்படியே அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டால் அந்த வேலை சீக்கிரம் நடக்கும். ஆர்ம் பாத்திரத்தின் அடியில் படாமல் ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். சமையலுக்கு எடுக்கும் பாத்திரம் வேண்டாம், பழசு ஏதாவது எடுங்கள். தண்ணீர் குடித்தால் நைலான் துளி உப்பும், அதனால் வேகவைத்த பிறகு பின் ஓட்டையைச் சரிபாருங்கள்.

சரிபார்ப்பது எப்படி என்றால், சக்கரத்தை எடுத்துவிடுங்கள், ஷாக்கின் கீழ் ஸ்குரூவையும் கேம்பர் லிங்க்கையும் (சக்கரத்தின் சாய்வைப் பிடித்து நிறுத்தும் மேல் கம்பி) கழற்றிவிடுங்கள். ஆர்மைத் தூக்கி விடுங்கள். தானாக, தயங்காமல் கீழே விழவேண்டும். பாதியில் நின்றால் பிடிக்கிறது என்று அர்த்தம். பின் 3 மி.மீ. என்றால் 3 மி.மீ. ரீமரை (ஓட்டையைச் சீவிச் சரிசெய்யும் கருவி) கையால் ஒரே ஒரு சுற்று விட்டு எடுங்கள். டிரில் மெஷினை வைக்காதீர்கள், நைலான் உருகி ஓட்டை பெரிதாகிவிடும், பிறகு சக்கரம் ஆடும். பின்னைப் பிடிக்கும் சின்ன ஸ்குரூ நைலானுக்குள் போவதாக இருந்தால் தலை உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். ஸ்குரூ கழலாமல் பிடிக்கும் திரெட்லாக் பசை உலோகத்துக்குள் போகும் ஸ்குரூவுக்கு மட்டும்.


சின்ன வீல் எழுதியது:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். அகல ஆர்ம் பற்றி யாருமே சொல்லவில்லையே. என் வண்டி திரும்பினாலே கவிழ்கிறது, அதனால் கேட்கிறேன்.


கல்மேல்நடை எழுதியது:

அகல ஆர்ம் கவிழ்வதைக் குறைக்கும், சந்தேகமில்லை. ஆனால் அது ஆர்ம் மட்டும் வாங்குகிற வேலை இல்லை. சக்கரம் வெளியே போனால் டிரைவ் ஷாஃப்ட் எட்டாது, சக்கரத்தைத் திருப்பும் டை ராட் எட்டாது, கேம்பர் லிங்க் எட்டாது. டிராக்ஸஸின் மேக்ஸ் வண்டிக்கு வரும் வைட்மேக்ஸ் என்ற அகல ஆர்ம் கிட்டைப் பாருங்கள், நீள ஆர்மோடு நீள டிரைவ் ஷாஃப்ட்டும் டோ லிங்க்கும் ஸ்பிரிங்கும் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

ஸ்பிரிங் எதற்கு என்று முதலில் எனக்கும் புரியவில்லை. ஆர்மின் உள் பின்னிலிருந்து சக்கரம் 100 மி.மீ., ஷாக் 60 மி.மீ. என்று வைப்போம். விகிதம் 0.6. சக்கரத்துக்குத் தெரியும் விறைப்பு அந்த விகிதத்தின் வர்க்கம், அதாவது ஸ்பிரிங்கின் 0.36 பங்கு. ஆர்மை 20 மி.மீ. நீட்டி, ஷாக்கை அங்கேயே விட்டால் விகிதம் 0.5, வர்க்கம் 0.25. ஸ்பிரிங் அதேதான், ஆனால் விறைப்பு 30 சதவீதம் போய்விட்டது. வண்டி தொப்பையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும், குதித்தால் சேஸிஸ் தரையில் அடிக்கும். அதே அடிக்கு உள்பக்கக் காதில் விழும் பாரமும் நீளத்துக்குத் தக்கபடி கூடும்.

கவிழ்வதுதான் பிரச்சினை என்றால் முதலில் ஷாக்கின் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் பிரீலோட் வளையத்தைத் தளர்த்தி வண்டியைத் தாழ்த்திப் பாருங்கள். டயர் பலூன் மாதிரி உப்புகிறதா என்றும் பாருங்கள், உள்ளே டேப் சுற்றினால் அதுவும் அடங்கும்.


சேறும்சகதியும் எழுதியது:

3டி பிரிண்டரில் ஆர்ம் அடித்தால் என்ன? பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் ஒன்று அடித்து வைத்திருக்கிறேன், அச்சு அசல்.


பழைய டிரான்ஸ்மிட்டர் எழுதியது:

பி.எல்.ஏ. சட்டென்று உடையும். அலமாரியில் வைக்க அழகாக இருக்கும்.

புழுதிக்காரருக்கு விட்டுப்போன ஒன்று. ஆர்மைவிட முன்னால் ஒரு அகலமான பம்பர் போடுங்கள், முன்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கிற மாதிரி. அதுவும் நைலானில்தான். 1987-ல் டாமியா கம்பெனியின் கிளாட் பஸ்டர் என்ற ஆர்.சி. டிரக் வந்தபோது அதில் ஆர்மே கிடையாது, முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், ஆக்ஸிலுக்கு ஒரு மோட்டார். ஒடிய ஆர்ம் இல்லாததால் ஆர்ம் ஒடியவில்லை, கல்லில் தத்தித் தத்திப் போகும். ஒவ்வொரு சக்கரமும் தனியாக ஏறி இறங்கவேண்டும் என்று நாம் ஆசைப்பட்டதற்குக் கொடுக்கும் விலைதான் இந்த ஆர்ம்.


புழுதிக்காரன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், கேட்டுவிட்டுக் காணாமல் போனவன் என்று யாரும் சொல்லக் கூடாது.

பல்க்ஹெட்டில் வெடிப்பு இல்லை, தப்பித்தேன். பின் நாலும் வாங்கினேன். ஆர்.பி.எம். உடனே கிடைக்கவில்லை, பழைய வகை ஆர்மையே இரண்டு பக்கத்துக்கும் வாங்கி வேகவைத்தேன். வேகவைப்பதற்கு முன் ஒன்றை இரண்டு கையாலும் முறுக்கிப் பார்த்தேன், ஸ்கேல் மாதிரி விறைப்பு. ஆறியபின் முறுக்கினால் கொஞ்சம் கொடுத்துத் திரும்புகிறது, கைக்கே தெரிகிறது. இடது பக்கம் ஆர்ம் பாதியில் நின்றது, ரீமர் ஒரு சுற்று. இப்போது விட்டால் பொத்தென்று விழுகிறது. இந்த ஏழு மாதத்தில் அது இப்படி விழுந்து நான் பார்த்ததே இல்லை. நீல அலுமினியத்தைக் கூடையிலிருந்து எடுத்துவிட்டேன். மனசில்லாமல்தான்.

எதிர்ப்பக்கமாகச் சுற்றவும் பழகுகிறேன், இடது கையால் எழுதுகிற மாதிரி இருக்கிறது.

இதுவரை பதினொரு பேட்டரி. அதே மண்மேடு, அதே மரவேர், ஒரு தடவை அதே சுவரும். நாலு ஆர்மும் அப்படியே இருக்கின்றன. நேற்று பம்பர் ஒடிந்தது.


சேறும்சகதியும் எழுதியது:

பம்பருக்கு அலுமினியம் போடு ப்ரோ.